அசையாமல் நின்ற தவளைகள்

குளக்கரை விருந்துகளில் பாட்டுப் போடும் டிஜே ஒரு நண்டு. இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு கொடுக்குகளால் சுழற்றும்.

அன்று மாலை முதன்முறையாக, தானே உருவாக்கிய இசையைப் போட்டது. மின்கம்பியின் ரீங்காரத்தையும் சேறு தண்ணீரை உறிஞ்சும் சத்தத்தையும் கலந்து, பல மாதம் பாடுபட்டுச் செய்த இசை. அதில் தாளமே கிடையாது.

தவளைகள் ஆடவில்லை. ஒன்றுகூட அசையவில்லை.

'போச்சு, யாருக்கும் பிடிக்கவில்லை' என்று பயந்த நண்டு, அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, எல்லா விருந்திலும் போடும் குத்துப்பாட்டைப் போட்டது. தவளைகள் குதித்து ஆடின. நண்டுக்கு உயிர் வந்தது.

விருந்து முடிந்ததும் ஒரு குண்டுத் தவளை மேடைக்கு வந்தது.

"டிஜே அண்ணே, முதல்ல ஏதோ கேட்டுச்சே, அது என்ன?"

"அதுவா? மன்னிச்சுக்கோ தம்பி. மெஷின் கோளாறு. அது என் பாட்டே இல்லை."

"அடடா! நாங்க மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுக் கேட்டோம். பாதியில நின்னதும் என் வீட்டுக்காரிக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தக் கோளாறை மட்டும் சரி பண்ணிடாதீங்க அண்ணே."

அது தன்னுடையதுதான் என்று சொல்ல நண்டு வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நீட்டியிருந்த இரண்டு கண்களையும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.