பாதிப் பாலம்

ஐந்து வருஷமாக ஆற்றுக்குள் பாலத்தின் தூண்கள் மட்டும் நின்றன. ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ.வை விளக்குமாற்றோடு விரட்டியவள் முத்துப்பேச்சி. மறுபடியும் ஜெயித்து, மேளதாளத்தோடு நன்றி சொல்ல வந்தவரை ஆற்றங்கரையில் மறித்ததும் அவள்தான்.

“நீ எங்கம்மா எனக்குப் போட்டிருக்கப் போற,” என்று அவர் சிரித்தார்.

“ஒனக்குத்தான் போட்டேன். தோத்துட்டா தப்பிச்சுப் போயிருவியே! புதுசா வாரவன், இது நான் நட்ட தூணே இல்லம்பான். பெறகு யாரு சட்டையப் புடிக்க?”

சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகினாள். அவர் கழுத்து மாலையைப் பற்றியபடி தண்ணீருக்குள் இறங்கினாள். மேளம் நின்றுபோனது. எதிர்க்கரையில் அக்கரைச் சனம் திரண்டு நின்றது.

“அவுகளும் ஒனக்குத்தான் போட்டிருக்காக. நன்றி சொல்ல வேண்டாமா? செருப்பக் கழத்து.”