அப்பாவின் பல்செட்

பல் டாக்டரான மகளின் மேசைமேல் அம்மா அந்தப் பல்செட்டை வைத்தாள்.

"தினமும் தேய்ச்சுக் கழுவுறேன்டி. மறுநாளே வழவழன்னு படிஞ்சிருக்கு. இருந்தப்பகூட மனுஷன் இவ்வளவு அழுக்குப் பண்ணலை."

"அப்பா போய் எட்டு மாசமாச்சும்மா. தூக்கிப் போடுன்னா கேட்டாத்தானே!"

இருந்தாலும் மகள் படிவைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"என்னடி?"

"கிருமிம்மா. கூடவே வாயோட உள்தோல் செல்லும் இருக்கு. கிருமி அப்பிக்கிட்டா உள்தோல் தன் மேல்செல்லை உதிர்த்து அதைத் தள்ளிவிடும். இது... புதுசா உதிர்ந்தது."

"வலிக்குமா?"

"நிறைய உதிர்ந்திருக்கு. வாயெல்லாம் புண்ணாயிருக்கும்."

"அதான் ரெண்டு நாளா அவர் தட்டுல வெச்சது அப்படியே இருக்கு."

மகள் மருந்துச் சீட்டை எடுத்து, முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினாள்.