ஆறு டம்ளர் காபி

“ஜெயிச்சது யாரு? என் காபியா, உன் மாத்திரையா?”

பஸ் டெப்போவின் மருத்துவ அறைக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்த டிரைவர், ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள் அவருடைய ஒரே மகள். டெப்போ ஆட்களுக்கு ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்புவது அவள் வேலை. முடிவு நேராக டாக்டர் கைக்குப் போய்விடும்.

“யூரிக் ஆசிட் போன தடவை ஒம்போதரை. இப்போ நாலரை! டாக்டரே வாயைப் பிளந்துட்டாரு. இனி என் வண்டியை எவனும் பிடுங்க முடியாது.”

வண்டி என்றால் அவருக்கு உயிர். யூரிக் ஆசிட் ஏறி, வலது கால் பெருவிரல் மூட்டில் கவுட் என்கிற வாத நோய். வலி வந்துவிட்டால் போர்வை பட்டாலே அலறுவார். அப்புறம் பிரேக்கை எங்கே மிதிப்பது? இந்த வருடப் பரிசோதனையிலும் யூரிக் ஆசிட் இறங்கவில்லை என்றால், பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லியிருந்தது. இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர். “ஹோஸைப் பிடிச்சுட்டு நிக்கறதுக்குச் செத்தே போயிடலாம்” என்று வீட்டில் சொன்னார். சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

அந்த நேரத்தில்தான் காபிப் பித்து பிடித்தது. காபி குடிக்கிறவர்களுக்கு கவுட் வருவது குறைவு, டீயில் அப்படிப் பெரிய லாபம் ஒன்றும் தெரியவில்லை என்று எங்கோ படித்துவிட்டார். அவ்வளவுதான். ஆயுசு முழுக்கக் குடித்த டீயைத் தலைமுழுகிவிட்டு, தினம் ஆறு டம்ளர் காபி.

“அப்பா, அது வருஷக்கணக்கா காபி குடிச்சவங்களைப் பார்த்துச் சொன்னது. வந்த நோவுக்குக் காபி மருந்தாகாது. மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

“நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு! சொன்னா நீ குதிப்பேன்னுதான் சொல்லல. இப்போ கண்டக்டருங்க பாதிப் பேரு காபிக்கு மாறிட்டாங்க. டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தாலே முறைக்கிறான்.”

மகள் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டைத் தொடவும் இல்லை.

“கால் இன்னும் வீங்கித்தானேப்பா இருக்கு?”

“அது போகப் போக வத்திடும்.”

சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகத்தில் குஷி இல்லை. பாவம், உள்ளே வந்ததிலிருந்து நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ரெண்டாவது பக்கத்தையும் பாரு, கண்ணு. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே.”

அவள் புரட்டினாள். டாக்டர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். வெள்ளை அணுக்கள், இருக்க வேண்டியதைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

“பிளட் கேன்சரா இருக்கும்னு சந்தேகப்படறாரு. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். கேள்வி மேல கேள்வி. சாயங்காலமானா காய்ச்சல் வருதா, அசதியா இருக்கா, அடிபடாமலே உடம்புல நீலம் நீலமா விழுதான்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், கல்லு மாதிரி இருக்கேன்னேன்.”

மகள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

அவளை அப்படிப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. அவருக்கும் பயம்தான். ஆனாலும் பெற்ற பெண்ணின் முன்னால் உடைந்துபோகக் கூடாது என்று பக்கத்தில் வந்து அவள் தலையைத் தடவினார்.

“அழாதேம்மா. நான் வாழ்ந்து முடிச்சவன். எனக்குத்தானே வந்திருக்கு? உனக்கு வந்திருந்தா இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இன்னிக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு பெரிய நோவு வந்த அப்புறம் கால் விரலுக்கு மாத்திரை ஒரு கேடா?”

“உங்களுக்கு இருக்கறது கால் விரல் நோவு மட்டும்தாம்பா” என்றாள் மகள். “வண்டி போச்சுன்னா நீங்க உயிரோட இருக்க மாட்டீங்கன்னு பயந்து, அன்னிக்கு ரெண்டு குழாயிலயும் என் ரத்தத்தை ஊத்தி உங்க பேரை எழுதி அனுப்பிட்டேன்.”