மஃப்டியில் ஒரு ஏட்டு

மஃப்டியில் இருந்த ஏட்டு செய்த தப்பு, பிக்பாக்கெட்டைத் துரத்தும்போது, "திருடன்! பிடிங்க!" என்று கத்தியதுதான். முன்னால் ஓடியவனும் அதையே கத்தினான். சந்தைக் கூட்டம் அமுக்கியது ஏட்டைத்தான்.

"டேய், நான் போலீஸ்டா!"

"அப்போ கார்டைக் காட்டு!"

கார்டு வீட்டில், யூனிஃபார்ம் சட்டைப் பையில் இருந்தது. இடது கன்னத்தில் முதல் அறை விழுந்தது. ஒருவன் செருப்பைக் கழற்றினான்.

"நிறுத்துங்க!" வெள்ளைச் சட்டையும் தங்க நிறக் கண்ணாடியுமாக ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அவர் அசல் போலீஸ். நான் கேரண்டி."

ஓங்கிய கைகள் இறங்கின. ஏட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வந்த உயிர் மறுபடியும் போனது.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" செருப்பை ஓங்கியவன் மரியாதையாகக் கேட்டான்.

சொல்லிவிடாதே என்று ஏட்டு தலையை ஆட்டிக் கெஞ்சினார்.

"தெரியாம என்ன? என்னை ரெண்டு மூணு தடவை உள்ளே தள்ளினதே இவர்தானே!"

"அடப்பாவி, இவன் கூட்டாளிடா!" கூட்டம் பாய்ந்தது.

இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள்.

"இடது பக்கம் திரும்புங்க ஏட்டய்யா!" என்று மூச்சிரைக்கக் கத்தினான் அவன். "போன மாசம் நீங்க என்னைக் கோட்டை விட்ட சந்து அதுதான்!"