கறைபடாத துணி

கிதியோன் பிணத்தின் மார்பில் கை வைத்தான்.

கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் வால்டர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியையே பார்த்தார்கள். கொன்றவன் கை பட்டால் பிணம் இரத்தம் கசியும் என்பது அந்த மலைப்பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கசிந்தால் தூக்குமரம்தான், வேறு பேச்சில்லை.

வால்டர் பிடில்காரன். ஓய்வுநாளில்கூட வாசித்து ஊர்ப் பிள்ளைகளை ஆடவைத்தவன். அது கர்த்தருக்கு அடுக்காது என்று கிதியோன் கண்ட இடத்திலெல்லாம் கத்திக்கொண்டிருந்தான். வால்டரோ சிரித்துவிட்டு இன்னொரு பாட்டை இழுப்பான். கடைசியில் விலாவில் கத்திக்குத்தோடு ஓடைக்கரையில் கிடந்தான்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

சபை மூப்பர் தலையசைத்தார். பிணத்தின் பக்கத்தில் நின்ற கிதியோனின் தாய் கிரிசலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். மூப்பருக்கு நன்றி சொன்னாள். தன் ஆடுகளுக்கும் மனதாரச் சொன்னாள்.

ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான். வால்டரின் காயத்துக்குள் ஆட்டு ரோமத்தைத் தாரில் தோய்த்துத் திணித்து, மேலே இறுக்கிக் கட்டியதும் அவள்தான். அதற்கு முன் மகனின் சட்டையைத் துவைத்தவளும் அவள்தான்.

பெற்ற மனம் பித்து. வால்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கட்டினாள்.

கிதியோன் அவளருகே வந்தான். சோறு தண்ணீர் இல்லாமல் துரும்பாய் இளைத்திருந்தவனின் முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது.

"பாவம் பண்ணிட்டேனோன்னு துடிச்சுக்கிட்டிருந்தேம்மா," என்று அவள் காதோடு சொன்னான். "ஒரு சொட்டு வரல, பாத்தியா? என் கை செஞ்சது கர்த்தரோட வேலதான். இனிமே பயமில்ல."

அவளைக் கட்டிக்கொண்டு, கர்த்தருக்கு நன்றி சொல்லி அழுதான்.

அழுது முடித்ததும், ஊரார் எல்லோரையும் போல ஏற்கெனவே பிணத்தைத் தொட்டுவிட்டு வாசலோரம் நின்ற தங்கை லிலியஸைப் பார்த்தான். வால்டரின் பிடிலுக்கு ஊரிலேயே அழகாக ஆடுகிறவள் அவள். அவன் பார்வை அவள் கால்களிலேயே நின்றது.

கிரிசல் துணிக்கடியில் கைவிட்டு முடிச்சைத் தேடினாள். அவள் கட்டிய முடிச்சு, அவிழ்க்க நேரமாகவில்லை. ரோமத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா," என்று மூப்பரைக் கூப்பிட்டாள். "எம்மவன் கை சரியாப் படல. இன்னொரு தரம் தொடச் சொல்லுங்க."