முதுகுக்கு மருந்து

பெர்சி பனியனைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

முதுகுக்கு மருந்து போடும்போது மட்டும்தான் அவன் குனிவான். தேவகனி பின்னால் நின்று கணவனின் பிடரியைப் பார்த்தாள். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. அறுக்கக் கொண்டுவந்த கிடா இப்படித்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொடுக்கிற கம்பெனியில் அவன் மேனேஜர். நாசரேத்து வாத்தியார் குடும்பம். சாத்தான்குளத்துக் கருப்பட்டிக் கடையில் பெண்ணெடுத்ததை இன்னமும் ஏதோ தர்மகாரியம்போலச் சொல்வான். விருந்தாளிகள் முன்னால் அவள் வாயைத் திறந்தால், "கடையில ஏவாரம் தொடங்கியாச்சி" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்த மகா புத்திசாலிதான், முதுகில் சொரியாசிஸ் வந்தபோது, ஆபீஸில் எவனோ சொன்னானென்று மருந்துக்கடையில் ஒரு ஸ்டீராய்டு களிம்பை வாங்கிக் கை எட்டிய இடமெல்லாம் அப்பினான். நிறம் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு முகத்திலும் பூசினான். கன்னம் வெந்த இறால்போலச் சிவந்து, மெல்லிய நரம்புகள் தெரிந்த பிறகுதான் டாக்டரிடம் போனான்.

டாக்டரம்மா அவனைத் திட்டி முடித்து, வேறு களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, தேவகனியிடம்தான் பேசினார். விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் பிதுக்கினால் போதும், அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். செதில் உள்ள இடத்தில் மட்டும் போட வேண்டும். முகத்துக்குக் கூடவே கூடாது. தோல் சரியானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு மேலும் பூசினால் நல்ல தோலும் நைந்துபோகும்.

"இவர் கையில ட்யூபக் கொடுத்திராதீங்கம்மா."

கல்யாணமானதிலிருந்து அவளை நம்பி யாரும் ஒரு பொறுப்பை இவ்வளவு தெளிவாக ஒப்படைத்ததில்லை.

பட்ட அவமானத்தில் அவன் மறுபடி அந்த டாக்டர் பக்கம் போகவில்லை. கண்ணாடியில் முதுகைப் பார்க்கப் பயம். போனில் படமெடுக்கவும் விடமாட்டான், பெற்ற அம்மாவிடம்கூடக் காட்டமாட்டான். அவள் கண்தான் அவனுக்குக் கண். இந்த ஸ்டூலில் இருக்கும்போது அவன் குரல்கூட மனுஷக் குரலாக இருந்தது.

கம்பெனியின் கொச்சிக் கிளைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்; இன்று பதில் சொல்ல வேண்டும். பெரிய பதவி. முதுகு சரியாகிவிட்டால் போவான். ஆகாவிட்டால், அங்கே எவனிடம் முதுகைக் காட்டுவான்? அவளைக் கூட்டிப்போகிற எண்ணமே அவனுக்கு இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது அவள் காதுபடவே அம்மாவிடம் சொன்னான்: "இவளக் கொண்டுபோயி அங்கன நான் என்ன செய்ய?"

அவன் போனால் அவளுக்கு நிம்மதிதான். ராத்திரி அதை நினைத்துச் சந்தோஷப்பட்டும் பார்த்தாள். ஆனால் அவன் நிமிர்ந்து போவான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் விரல் முதுகின் நடுவில் வட்டமிட்டது.

"ஏளா, செதிலெல்லாம் போயிட்டா?"

"இன்னும் இருக்கு அத்தான்."

"இப்ப அரிக்கலையே."

"அரிப்பு நின்னா சீக்கு போயிட்டுன்னு அர்த்தமா? நடுவுல அப்படியேதான் கெடக்கு."

அவன் குனிந்தபடியே போனை எடுத்து, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை, கொச்சிக்கு வருவதற்கில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னான்.

"நீ இல்லன்னா என் பாடு நாறிப்போயிருக்கும்" என்றான் அவளிடம்.

அந்த முதுகு கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது. போன மாதமே செதிலெல்லாம் உதிர்ந்து சுத்தமாகியிருந்தது. டாக்டரம்மா சொன்னபடி மருந்தைக் குறைத்து, நிறுத்தி, ட்யூபைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. அதில் தேவகனி ஒரு பிசகும் செய்யவில்லை. அவள் விரலில் இருந்தது வெறும் வாசலின்.

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனான்.

குழாயில் கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. போக இருந்தவன், இனிப் போகமாட்டான்.