அரைமணி நேரம்தானே

அந்த மருத்துவமனையின் சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓடிய விர்ச்சுவல் மெஷின்களில் ஒரேயொன்றுக்கு மட்டும் சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்கவில்லை. வார்டுகளின் அழைப்பு மணி அதில்தான் ஓடியது. ஓடுகிறவற்றைத்தான் லைசென்ஸ் தணிக்கைக்காரர் எண்ணுவார் என்பதால், அவர் படியேறும்போதே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நப்பின்னை அதை அணைத்துவிட்டாள். அரைமணி நேரம்தானே.

அவரோ வேலை முடிந்தும் எழுந்திருக்காமல், டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி மகள் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்று பாராட்டிவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும் மெஷினை உயிர்ப்பித்தாள். மாடி வார்டுகளில் பட்டனை அமுக்கியும் ஒலிக்காமல் காத்துக்கிடந்த மணிகளெல்லாம் ஒரேயடியாக அலறின. நர்ஸுகள் ஓடும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக அடங்கின, ஒன்றைத் தவிர.

மேஜை போன் அடித்தது. மாடி வார்டு நர்ஸ்.

"மேடம், ஜன்னலோரக் கட்டில் பெரியவர் எப்ப பட்டனை அமுக்கினாருன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்றீங்களா? டாக்டர் கேக்கறாரு."